கேபிளுக்கும் வயதாகும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று விசாரிப்பார்கள். பின்னால் தொங்கும் பவர் கேபிளைப் பற்றி ஆரணியில் இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. இந்த மாதம் அதைப் பார்ப்போம்.

கேபிளின் மேலுறை பெரும்பாலும் பிவிசி. இது ஒரு பாலிமர்; சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாகக் கோத்த பொருள். நம் ஊர்ப் பட்டு நூலும் பாலிமர்தான் (தயாரிப்பாளர் புழு!). பல வருடம் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்த பட்டுப்புடவை மடிப்பில்தான் முதலில் விட்டுப்போகும். கேபிளும் வளைவில்தான் முதலில் வெடிக்கும். பிவிசி இயல்பில் விறைப்பானது. அதை வளைய வைக்க பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருளைச் சேர்க்கிறார்கள். வெப்பத்தில் அது மெல்ல வெளியேற, உறை மீண்டும் விறைத்துவிடுகிறது.

இதையே பெரிய அளவில் கண்காணிப்பவர்கள் அணுமின் நிலையத்தார். கல்பாக்கத்தில் முதல் உலை 1984-ல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. இப்படிப்பட்ட நிலையத்தில் கேபிள்கள் பல நூறு கிலோமீட்டர் ஓடும். உலைக்கு அருகே வெப்பத்தோடு கதிர்வீச்சும் சேர்ந்து பாலிமர் சங்கிலிகளை அறுக்கும். உத்தரப்பிரதேசத்தின் நரோராவில் 1993 மார்ச் 31 அன்று டர்பைன் பிளேடு உடைந்து தீப்பிடித்தது. தீ கேபிள்கள் வழியே பரவ, நிலையத்துக்குள் சுமார் 17 மணி நேரம் மின்சாரம் இல்லை. பழைய கேபிள் அந்தத் தீக்குக் காரணமல்ல. ஆனால் கேபிள்கள் போனால் என்ன ஆகும் என்பதை அது காட்டிவிட்டது.

சரி, வயதை எப்படி அளக்கிறார்கள்? உறையை இழுத்துப் பார்ப்பார்கள். புதிய உறை அறுவதற்குள் தன் நீளத்தைப் போல் சில மடங்கு நீளும். நீட்சி 50 சதவீதத்துக்குக் குறைந்தால் ஆயுள் முடிந்ததாகக் கொள்வது வழக்கம். கேபிளை வெட்டாமல் சிறு ஊசிமுனையால் அழுத்தி, கடினத்தை அளக்கும் கருவியும் உண்டு. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் சிதைவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. அதனால் மாதிரிக் கேபிளைச் சூட்டடுப்பில் சில மாதம் வைத்தே பல வருட முதுமையை வரவழைத்துவிடுகிறார்கள்.

உங்கள் வீட்டில் இவ்வளவு வேண்டாம். சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகு, கேபிளை விரலில் மெதுவாக வளைத்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தாலோ, வளைவில் மெல்லிய கீறல் தெரிந்தாலோ, பிளக் அருகே நிறம் மாறியிருந்தாலோ டேப் ஒட்டாதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள மூன்று முனைக் கேபிளாக மாற்றிவிடுங்கள். யூபிஎஸ்ஸின் சூடான பின்பக்கத்தில் கேபிளைச் சுருட்டித் திணிக்காதீர்கள்.