பின்னின்று உழைப்போரைப் போற்றுவோம்

பேரணாம்பட்டு வட்டாரத்தில் பதனிடப்படும் தோல் கடல் கடந்து செல்கின்றது. காலணி வாங்குபவர் அதன் மெருகைப் புகழ்கின்றார். உப்பிட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியிலிட்டு, மயிரும் சதையும் நீக்கியவரை நினைப்பார் யார்? அவர் பணி பிழைபட்டால், பின்னர் எத்துணை மெருகேற்றினும் அத்தோல் தேறாதன்றோ!

கழிவுநீரைச் சுத்திகரிப்போர் நிலையும் இதுவே. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்பது அதன் சாரம். அன்று முதல், சுத்திகரிப்பு நிலையத்தில் இரவும் பகலும் எந்திரங்களைக் கவனிப்பவரின் உழைப்பின்றித் தோல் தொழில் இல்லை. பாலாற்றங்கரை உழவரின் கிணறும் அவர் கவனத்தையே நம்பியுள்ளது. இப்பணியில் உயிரும் அடங்கியிருக்கின்றது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர் மாண்டதை நாம் மறத்தலாகாது.

ஊராட்சியிலும் இத்தகையோர் உளர். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை இயக்குபவர் ஒரு நாள் அயர்ந்தால் ஊரே குடத்துடன் அலையும். அவர் குளோரின் கலக்கத் தவறினால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும். தூய்மைக் காவலர் குப்பையைத் தரம் பிரிப்பதனாலேயே ஊர் தூய்மைப் பெயர் பெறுகின்றது.

நம் முன்னோர் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். ஏரி மதகைத் திறந்து மூடிக் கடைமடைக்கும் நீர் சேர்த்த நீர்க்கட்டிக்கு அறுவடைக் களத்திலேயே நெல் அளந்தனர். விளைச்சலில் அவருக்கும் பங்குண்டு என்று ஊரறிய ஒப்புக்கொண்ட முறை அது. வெறும் புகழ்ச்சியன்று; அளந்த நெல்!

ஊராட்சி உறுப்பினர் செய்யத் தக்கவை:

1. ஊதியம் குறித்த நாளில் சேர்கின்றதா என மாதந்தோறும் கேட்டறிக. நிலுவை வைத்துப் பொன்னாடை போர்த்துதல் போற்றுதல் ஆகாது.

2. கையுறை, காலுறை, முகக்கவசம் வழங்குக. பாதுகாப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டியில் எவரையும் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

3. பணியை அளந்து பாருங்கள். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால், அது இயக்குபவரின் கவனத்திற்குச் சான்று.

4. குழாய், மோட்டார், குப்பைக் கிடங்கு பற்றி முடிவு செய்யுமுன் அவர்தம் கருத்தைக் கேளுங்கள். பழுது எங்குளது என்பதை முதலில் அறிபவர் அவரே.

5. நவம்பர் 1, உள்ளாட்சி நாள் கிராம சபையில், இன்னார் இன்ன பணியால் ஊருக்கு இன்ன நன்மை செய்தார் என்று பெயர் கூறிப் பாராட்டித் தீர்மான ஏட்டிலும் பதிவு செய்யுங்கள்.

உழவர் பெருமக்களே! கடைமடையில் கதிர் முற்றும்போது, மதகருகே விழித்திருந்தவரையும் எண்ணிப் பாருங்கள். ஊராட்சிக்கு விருது வருமாயின், அது தலைவரின் கையில் மட்டும் தங்காமல் தொட்டியடியில் நிற்பவரின் கைக்கும் சென்று சேரட்டும்.