காடு சூழ்ந்த காபோன்

ஆப்பிரிக்காக் கண்டத்தின் மேலைக் கரையில், நிலநடுக்கோடு ஊடறுத்துச் செல்லும் நாடுகளுள் ஒன்று காபோன். வடக்கே காமரூனும் எக்குவடோரியல் கினியும், கிழக்கிலும் தெற்கிலும் காங்கோக் குடியரசும் அதன் எல்லைகளாம். மேற்கே அட்லாண்டிக் பெருங்கடல் அலை வீசுகின்றது. நாட்டின் பரப்பு 2,67,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. இத்துணை அகன்ற நிலத்தில் வாழும் மக்களோ ஏறத்தாழ 25 இலட்சம் பேரே. எஞ்சிய இடமெல்லாம் மரங்களுக்கு உரியது. நிலப்பரப்பில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் காடு. வானூர்தியிற் செல்வோர் கீழே நோக்கின் நெடுநேரம் பசுமையன்றி வேறொன்றுங் காணார்; இடையிடையே ஓர் ஆற்றின் வளைவோ செம்மண் சாலையின் கீற்றோ தோன்றி மறையும்.

உலகின் பல நாடுகள் தம் காடுகளை அழித்து வயலும் நகரும் ஆக்கின. காபோனின் காடு அழியாது நின்றது எங்ஙனம்? அது நிற்பதற்கு உரிய விலையைக் கொடுப்பவர் யாவர்? இவ்விரு வினாக்களையும் உளங்கொண்டு நோக்கினாலன்றி அந்நாட்டை உள்ளவாறு அறிதல் இயலாது.

காட்டை வளர்ப்பது மழை. ஆண்டில் இருமுறை பெருமழை பொழிகின்றது. சூன் முதல் செப்டம்பர் வரை மழையற்ற காலம். மழையற்ற காலம் என்றதும் சுடுகின்ற வெயிலை எண்ணுதல் கூடாது. அத்திங்கள்களில் வானம் பெரும்பாலும் தாழ்ந்த மேகத்தால் மூடப்பட்டிருக்கும்; ஒளி குன்றும்; காற்றுக் குளிரும். அதனால் மரங்கள் தம் நீரை வெயிலுக்கு இழவாமல் அடுத்த மழை வரை பசுமை மாறாது நிற்கின்றன. நாட்டின் பெரும்பகுதி நீரைத் திரட்டிக் கடல் சேர்ப்பது ஒகோவே என்னும் பேராறு. காங்கோ நாட்டு மேட்டு நிலத்திற் பிறந்து, ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் ஓடி, போர்ட் சாந்தீல் நகரத்தருகே பல கிளைகளாய்ப் பிரிந்து கடலிற் கலக்கின்றது. அதன் மேற்பகுதியிற் பாறைகளும் வீழ்வுகளும் மிகுதியாதலின் படகு செல்லுதல் அரிது. ஐரோப்பியர் உள்நாடு புகுவதற்கு நெடுங்காலம் தடையாய் நின்றவற்றுள் இதுவும் ஒன்று.

போர்ச்சுகீசியர் 15ஆம் நூற்றாண்டிலேயே இக்கரையை அடைந்தனர். கொமோ ஆற்றின் முகத்துவாரம், முக்காடுடைய மேலங்கி ஒன்றின் வடிவினதாய் அவர்கள் கண்ணுக்குத் தோன்றியது. அம்மேலங்கிக்கு அவர்கள் மொழியில் 'கபாவோ' என்று பெயர். நாட்டின் பெயர் அதனின்று பிறந்தது. பின்னர்த் தந்தமும் மரமும் வாங்க வந்த வணிகர் மனிதரையும் வாங்கினர். 1846இல் எலிசியா என்னும் அடிமைக் கப்பலைப் பிரெஞ்சுக் கடற்படையினர் கைப்பற்றினர். அதிலிருந்து விடுதலை பெற்றோருள் ஐம்பது பேரளவினரை 1849இல் கொமோ முகத்துவாரத்தின் கரையிற் குடியேற்றினர். அக்குடியிருப்பே விடுதலை நகர் எனப் பொருள்படும் லிப்ரவில். இன்று நாட்டின் தலைநகரம் அதுவே. அக்கரையில் முன்பே வாழ்ந்த இம்பொங்வே மக்களின் தலைவர்கள் சிலர் அடிமை வணிகத்தில் இடைநின்று பொருளீட்டியவர்கள். விடுதலை நகர் அவர்கள் அண்டையில் எழுந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

உள்நாட்டில் பாங், புனு, இன்செபி, தேக்கே, கோத்தா முதலிய பல இனத்தார் வாழ்ந்தனர். பாக்கா முதலிய வேட்டைக் குடியினர் காட்டின் ஒவ்வொரு மரத்தையும் தடத்தையும் அறிந்தவர்கள். ஆகவே இக்காட்டை மனிதர் காலடி படாத கன்னிக்காடு என்று கூறுவது பொருந்தாது. ஒக்குமே என்னும் மரம் இதற்குச் சான்று பகரும். நாற்பது மீட்டர் அளவும் ஓங்கி வளர்வது; ஒளியை விரும்புவது. அடர்ந்த நிழலில் அதன் கன்று தழைப்பதில்லை. பண்டை மக்கள் காட்டை வெட்டிப் பயிரிட்டுச் சில ஆண்டு கழித்து விட்டகன்ற நிலங்களிலேதான் ஒக்குமே திரண்டு முளைக்கும். இன்று ஒக்குமே தோப்புத் தோப்பாய் நிற்கும் பல இடங்கள் முன்னொரு காலத்தில் ஊர்களாகவும் வாழைத் தோட்டங்களாகவும் இருந்தவை. அதன் பிசின் தீவட்டிக்கு உதவும்; அடிமரத்தைக் குடைந்து படகு செய்வர்.

அம்மரமே பிற்காலத்தில் காபோனுக்குச் செல்வமும் துன்பமும் ஆயிற்று. ஒக்குமே இலேசான மரம், நீரில் மிதப்பது, மெல்லிய தகடுகளாகச் சீவி ஒட்டுப்பலகை செய்தற்கு மிகவும் ஏற்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ஐரோப்பிய வணிகர் அதனை விரும்பி வாங்கினர். வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஒகோவே வழியே மிதக்கவிட்டுத் துறைமுகம் சேர்த்தனர். உடல்வலியுள்ள ஆடவரெல்லாம் மரம் வெட்டும் பாசறைகளுக்கு ஈர்க்கப்படவே, ஊர்களிற் பயிரிடுவார் குறைந்தனர். 1920களில் பஞ்சமும் நோயும் பல ஊர்களை வெறுமையாக்கின. பிரெஞ்சு ஆட்சியினர் எஞ்சிய சிற்றூர்களை அகற்றிச் சாலையோரத்தே வரிசையாகக் குடியமர்த்தினர். வரி தண்டுவதற்கும் வேலைக்கு ஆள் பிடிப்பதற்கும் அஃது எளிதாயிற்று. மக்கள் அகன்ற இடத்தைக் காடு மீண்டும் தனதாக்கிக்கொண்டது. காபோனின் காடு இன்று அடர்ந்து நிற்பதற்கு மக்கள் பட்ட இத்துயரமும் ஒரு காரணமாம்.

அக்காலத்தில், 1913இல், ஆல்பர்ட் சுவைட்சர் என்னும் மருத்துவர் ஒகோவே ஆற்றங்கரையிலுள்ள லம்பரேனேக்கு வந்தார். கோழிக் கொட்டில் ஒன்றைத் துப்புரவு செய்து அதிலே மருத்துவம் தொடங்கினார் என்பர். 1952ஆம் ஆண்டுக்குரிய நோபல் அமைதிப் பரிசு பெற்ற அவர், 1965இல் அவ்வூரிலேயே காலமானார். அவர் தொண்டு பெரிது. எனினும் ஆப்பிரிக்க மக்களைத் தமக்கு இளையோர் என்று கருதிய அவர் நோக்கைப் பிற்காலத்தார் கண்டித்தமையும் அறியத்தக்கது.

காபோன் 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் விடுதலை பெற்றது. முதல் தலைவர் லெயோன் இம்பா 1967இல் மறைந்தபின், ஓமார் பொங்கோ 2009 வரையும், அவர் மகன் அலி பொங்கோ 2023 வரையும் ஆண்டனர். 2023 ஆகஸ்டில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றினர். அவர்களின் தலைவர் ஒலிகி இங்கேமா 2025 ஏப்பிரலில் நடந்த தேர்தலில் நாட்டுத் தலைவரானார்.

ஆட்சியாளர் எவராயினும் நாட்டின் கருவூலத்தை நிரப்பியது மண்ணெண்ணெயும் பெட்ரோலும் தரும் எண்ணெய்க் கிணறுகளே. 1956இல் எண்ணெய் கண்டறியப்பட்டது. தென்கிழக்கே மோவாந்தாவில் மாங்கனீசுக் கனி 1962 முதல் தோண்டப்படுகின்றது. அதனைத் துறைமுகம் சேர்க்க அன்று நாட்டில் வழியில்லை. 76 கிலோமீட்டர் நீளமுடைய கம்பிவடப் பாதையில் தொட்டிகளைத் தொங்கவிட்டுக் காங்கோ நாட்டிற்கு அனுப்பினர். லிப்ரவில்லை அடுத்த ஒவெண்டோவிலிருந்து காட்டைப் பிளந்து பிரான்சுவில் வரை செல்லும் இருப்புப்பாதை 1986இல்தான் நிறைவெய்தியது. எண்ணெய்ப் பணம் வந்தமையால் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். இன்று பத்தில் ஒன்பது பங்கினர் நகரவாசிகள். உணவின் பெரும்பகுதி கப்பலில் வந்திறங்குகின்றது. பசிக்காகக் காட்டை வெட்டவேண்டிய தேவை இவ்வாறு குறைந்தது. எண்ணெய் வற்றுங் காலத்தில் என்செய்வது என்பதே இன்று அந்நாட்டார் முன் நிற்கும் வினா.

அத்தென்கிழக்கு மண்ணில் மற்றொரு புதுமையும் உண்டு. ஒக்லோ என்னும் யுரேனியச் சுரங்கத்தின் கனியில், அணுப் பிளவுக்கு உதவும் கூறு இருக்கவேண்டிய அளவினும் சிறிது குறைந்திருந்ததை 1972இல் பிரெஞ்சு அறிஞர் கண்டனர். திருட்டோ என்று ஐயுற்று ஆராய்ந்தபோது வியக்கத்தக்க உண்மை வெளிப்பட்டது. ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன், மனிதனும் மரமும் தோன்றுமுன், அப்பாறைக்குள் அணு உலை ஒன்று தானே மூண்டு எரிந்திருந்தது! பாறையில் ஊறிய நீர் அணுப் பிளவைத் தூண்டும். வெப்பம் மிகுந்து நீர் ஆவியானால் உலை அவியும். குளிர்ந்து நீர் ஊறினால் மீண்டும் மூளும். அரைமணி நேரம் எரிந்து, இரண்டரை மணி நேரம் ஓய்ந்து, இவ்வாறே பல்லாயிரம் ஆண்டுகள் அது நிகழ்ந்ததென அறிஞர் கணக்கிட்டுள்ளனர்.

காட்டின் வருவாயை நாட்டிலேயே நிறுத்த விரும்பிய அரசு, முழுமரங்களை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை 2010இல் தடுத்தது. அறுத்த பலகையும் ஒட்டுப்பலகையுமே இனிக் கப்பலேறலாம். அதற்கு முன்பே, 2002இல், 13 தேசியப் பூங்காக்கள் வகுக்கப்பட்டன. அவை நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. காட்டைக் காத்துக் கரிக்காற்றைக் குறைத்தமைக்காக நார்வே நாடு 2021இல் காபோனுக்கு 1 கோடியே 70 இலட்சம் டாலர் வழங்கியது. பெருந்தொகைபோல் தோன்றினும், எண்ணெய் வருவாயோடு ஒப்பிடின் அது மிகச் சிறிது. சட்டம் இயற்றுவது எளிது, காப்பது அரிது. தடைசெய்யப்பட்ட கெவசிங்கோ மரம் பல கப்பற்பெட்டிகளில் ஒவெண்டோத் துறைமுகத்தில் பிடிபட்டு, பிடிபட்ட பெட்டிகளும் காணாமற்போன செய்தி 2019இல் வெளியாயிற்று. துணைத் தலைவரும் வனத்துறை அமைச்சரும் பதவி நீக்கப்பட்டனர்.

காட்டின் உண்மையான உழவன் யானை. சமவெளி யானையினும் உருவிற் சிறியது காட்டு யானை. மோவாபி என்னும் பெருமரத்தின் கனியை உண்டு, விதையை நெடுந்தொலைவு சுமந்து சாணத்தோடு விதைக்கின்றது. மோவாபி பூப்பதற்கு ஐம்பது ஆண்டுக்கு மேலாகும். அதன் விதையிலிருந்து ஊரார் எண்ணெய் எடுக்கின்றனர். சாணத்திலுள்ள மரபணுவைக் கொண்டு ஆராய்ந்து, காபோனில் ஏறத்தாழ 95,000 காட்டு யானைகள் உள்ளனவென 2021இல் அறிவித்தனர். உலகிலுள்ள இவ்வினத்தில் பாதிக்கு மேற்பட்டவை இவையே. எனினும் வடகிழக்கே மின்கெபே பூங்காவில் 2004 முதல் 2014 வரை 25,000 யானைகளுக்கு மேல் தந்தத்திற்காகக் கொல்லப்பட்டன.

லோப்பேப் பூங்காவில் 1986 முதல் திங்கள்தோறும் ஆய்வாளர் மரங்களின் கீழ் நின்று, தொலைநோக்கியால் கிளைகளை நோக்கிப் பூவையும் கனியையும் குறித்துவந்தனர். 2018க்குள் கனிகள் ஐந்தில் நான்கு பங்கு குறைந்துவிட்டன. சில மரங்கள் இரவின் குளிர் 19 பாகைக்குக் கீழ் இறங்கினாலன்றிப் பூப்பதில்லை. இரவுகளோ வெப்பமுற்று வருகின்றன. யானைகளின் உடலும் மெலிந்து வருவதைப் படங்கள் காட்டின.

காட்டிற் கனியில்லாதபோது யானை ஊரை நாடுகின்றது. சாலையோர ஊர்களில் இளைஞர் நகரஞ் சென்றுவிட, முதியோரே வாழையும் மரவள்ளியும் பயிரிடுகின்றனர். ஓர் ஆண்டின் உழைப்பு ஓர் இரவில் அழிகின்றது. யானையைக் கொல்வது குற்றம்; மின்வேலி சில இடங்களுக்கே கிடைத்துள்ளது. “அரசுக்கு யானை உறவு, எங்களுக்கு யார் உறவு?” என்னும் பொருள்படும் முறையீடு பல ஊர்களிலிருந்து எழுகின்றது. வாழை குலை தள்ளும் காலத்தில் அவர்கள் தோட்டத்தருகே தீ மூட்டி, தகரத்தைத் தட்டி ஒலியெழுப்பிக்கொண்டு, விடியுமளவும் விழித்திருக்கின்றனர்.