பத்தடி உயரக் கூடை

வாசிப்புப் பகுதி: கீழ்க்காணும் கட்டுரையை வாசித்திடுக.

சுங்கை பூலோவில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியைக் கற்பனை செய்து பாருங்கள். மாலையில் புறப்பாட நடவடிக்கைக்குப் பெயர் பதிகிறார்கள். காற்பந்து, பூப்பந்து, ஹாக்கி, வலைப்பந்து என எல்லா வரிசைகளிலும் தமிழ் மாணவர்கள் நிற்கிறார்கள். கூடைப்பந்து வரிசையில் மட்டும் ஒருவரும் இல்லை. "அது நம் விளையாட்டு இல்லை, டீச்சர்" என்கிறாள் ஒரு மாணவி. அவளுக்குச் சொல்ல ஒரு வாழ்க்கை வரலாறு இருக்கிறது.

கூடைப்பந்து எந்த ஓர் இனத்தாருக்கும் சொந்தமாகப் பிறந்த விளையாட்டு அன்று. 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் உடற்கல்வி ஆசிரியர் இதை உருவாக்கினார். குளிர்காலத்தில் மாணவர்கள் கட்டடத்துக்குள்ளேயே விளையாட வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை அவர் பத்தடி உயரத்தில் மாட்டினார். இன்றும் கூடையின் உயரம் அதே பத்தடிதான். இந்த ஆட்டம் பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் பரவியது. மலேசியாவில் சீனச் சமூகத்தினர் இதை ஆர்வத்துடன் வளர்த்தனர்; நம் நாட்டுப் பெண்கள் அணி தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் பலமுறை தங்கம் வென்றுள்ளது. தமிழ்நாட்டிலும் கூடைப்பந்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1920இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி பல விளையாட்டுகளுக்கு நாற்றங்காலாக விளங்கியது.

அந்தச் சென்னையில் 1985ஆம் ஆண்டு பிறந்தவர் அனிதா பால்துரை. சிறு வயதில் அவருக்கு ஓட்டப்பந்தயத்திலும் கைப்பந்திலும்தான் ஆர்வம். பதினொரு வயதில் சம்பத் என்னும் பயிற்றுநர் அவரைக் கூடைப்பந்துக்கு அழைத்து வந்தார். பழகிய ஆட்டங்களை விட்டுப் புதிய ஆட்டம் ஒன்றைக் கற்க அந்தச் சிறுமி தயங்கவில்லை. 2000ஆம் ஆண்டிலேயே அவர் இந்திய அணிக்காக ஆடத் தொடங்கிவிட்டார். பத்தொன்பதாம் வயதில் இந்தியப் பெண்கள் அணியின் தலைவி ஆனார். அந்தப் பொறுப்பை அவ்வளவு இளம் வயதில் ஏற்றவர்கள் மிகச் சிலரே.

கூடைப்பந்தில் நெடுங்காலம் நிலைத்திருப்பது எளிதன்று. களத்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர் மட்டுமே. ஐவரும் தாக்க வேண்டும்; ஐவரும் தடுக்க வேண்டும். பந்து கைக்கு வந்த அணி 24 வினாடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். அதனால் ஓட்டம் ஓய்வதே இல்லை. தாவி இறங்கும்போது முழங்காலும் கணுக்காலும் எளிதில் காயமடையும். இதற்கிடையே ஒவ்வோர் ஆண்டும் இளைய ஆட்டக்காரர்கள் அணியில் இடம் தேடி வருவார்கள்.

பணமும் புகழும் இந்த ஆட்டத்தில் தாமாகவே தேடி வருவதில்லை. அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆட்டத்தையே நம்பி வாழ்கிறார்கள். அனிதா ஆடிய காலத்தில் இந்தியப் பெண்களுக்கு அப்படி நிலைத்த தொழில்முறைத் தொடர் ஏதும் இல்லை. விளையாட்டு வீரர்களுக்கு வேலை தந்து ஆதரிக்கும் அமைப்பாக இந்திய இரயில்வே இருந்தது. அனிதாவும் தென்னக இரயில்வேயில் பணியில் சேர்ந்தார். வேலையும் பயிற்சியும் ஒன்றாகவே நடந்தன. தேசியப் போட்டிகளில் அவர் வென்ற பதக்கங்கள் 30.

ஆசியக் கூடைப்பந்துப் போட்டி ஏறக்குறைய ஈராண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும். ஒருமுறை தேர்வானவர் அடுத்த முறையும் தேர்வாவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அனிதா இப்போட்டியில் தொடர்ந்து ஒன்பது முறை இந்தியாவுக்காக ஆடினார். வேறு எந்த இந்தியப் பெண்ணும் இச்சாதனையைச் செய்ததில்லை. 2009இல் இப்போட்டி அவர் பிறந்த சென்னையிலேயே நடைபெற்றது. தொடக்கத்தில் அவருடன் ஆடிய பலர் ஓய்வு பெற்றனர். அணியின் முகங்கள் மாறின. அவர் மட்டும் நின்றார்.

திருமணமாகிக் குழந்தை பிறந்ததும் பெண்ணின் விளையாட்டு வாழ்க்கை முடிந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். மகன் பிறந்த பின்னர் அனிதா மீண்டும் பயிற்சிக்கு வந்தார். பிள்ளை பெற்ற உடலை ஓட்டத்துக்கும் தாவலுக்கும் மறுபடி பழக்குவது கடினம். இளையவர்களோடு போட்டியிட்டுத் தம் இடத்தை அவர் மீண்டும் வென்றெடுத்தார்.

2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெங்களூரில் ஆசியக் கிண்ணப் போட்டி நடந்தது. இந்தியா இரண்டாம் பிரிவில் ஆடியது. அதில் முதலிடம் பெறும் அணிக்கே முதற்பிரிவுக்கு உயரும் வாய்ப்பு. இறுதியாட்டத்தில் இந்தியா கஜகஸ்தானைச் சந்தித்தது. 75க்கு 73 என்ற புள்ளிகளில் இந்தியா வென்றது. இரண்டே புள்ளிகள், அதாவது கூடைக்குள் விழும் ஒரே ஓர் எறிதல், இரு அணிகளையும் பிரித்தது. முப்பத்திரண்டு வயதில், ஒரு தாயாக, அனிதா அந்த வெற்றியில் பங்கு கொண்டார். பதினெட்டு ஆண்டுகள் நீண்ட அவருடைய பன்னாட்டு ஆட்டம் அந்த ஆண்டோடு நிறைவு பெற்றது. 2021இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

இனி, வரிசையில் நின்ற அந்த மாணவியிடம் திரும்புவோம். கூடை பத்தடி உயரத்தில் இருக்கிறது. கீழே நிற்பவர் யார், எந்த மொழி பேசுபவர் என்று அது கேட்பதில்லை. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி பழகாத பந்து ஒன்றைக் கையில் எடுத்தாள். நெடுங்காலம் அதைக் கீழே வைக்கவில்லை. அடுத்த வாரம் பெயர் பதியும்போது, ஆளில்லாத அந்த வரிசையில் முதலாவதாக ஒருவர் நிற்கலாமே!

அருஞ்சொற்பொருள்

நாற்றங்கால் – இளம் பயிர்களை வளர்க்கும் இடம். இங்கு, திறமையை வளர்க்கும் இடம்
பன்னாட்டு – பல நாடுகள் தொடர்பான
புறப்பாட நடவடிக்கை – வகுப்புப் பாடத்துக்கு வெளியே நடைபெறும் பள்ளி நடவடிக்கை

கருத்துணர் கேள்விகள்

1. ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்து விளையாட்டை உருவாக்கியதன் நோக்கம் யாது?
2. கூடைப்பந்தில் நெடுங்காலம் நிலைத்திருப்பது எளிதன்று என்பதற்குக் கட்டுரையாளர் தரும் காரணங்கள் இரண்டனை எழுதுக.
3. "அவர் மட்டும் நின்றார்" என்ற தொடர் உணர்த்தும் கருத்தை விளக்குக.
4. "அது நம் விளையாட்டு இல்லை" என்னும் மாணவியின் கூற்றை நீ ஏற்கிறாயா? உன் பள்ளிச் சூழலைச் சான்றாகக் கொண்டு கருத்துரைத்திடுக.