‘அரட்டை’: பயனில்சொற் பெயர்களின் பொருண்மை மாற்றம்

முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டம் வல்லாஞ்சேரியில் தலைமை வளாகத்தைக் கொண்ட சோஹோ நிறுவனம், 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்திப் பரிமாற்றச் செயலிக்கு ‘அரட்டை’ எனப் பெயரிட்டது. பொழுதை வீணாக்கும் பேச்சைக் கடிந்துரைக்க வழங்கிய சொல் வணிகப் பெயராகியுள்ளது. இம்மாற்றத்தின் அடிப்படையை இக்கட்டுரை ஆராய்கிறது.

வகைப்பாடு

வீண்பேச்சைக் குறிக்கும் தமிழ்ச்சொற்கள் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. பிதற்றல், உளறல் என்பன பொருட்டொடர்பின்மையைக் குறிக்கின்றன. வெட்டிப்பேச்சு என்பது பயனின்மையைச் சுட்டுகிறது. வம்பு, புறணி என்பன பிறரைப் பற்றியவை. அவற்றில் பொருள் உண்டு, தீங்கும் உண்டு. அரட்டையோ கூடியிருப்போரின் கலகலப்பை உணர்த்துகிறது.

இலக்கியச் சான்றுகள்

திருக்குறளின் 20ஆம் அதிகாரமான ‘பயனில சொல்லாமை’ வீண்சொல்லை அறநோக்கில் விலக்குகிறது. ஆயின், 115ஆம் அதிகாரமான ‘அலரறிவுறுத்தல்’ ஊராரின் அலரைக் காதலர்க்குத் துணையாகக் காட்டுகிறது. அம்பல் வெளிப்படாத முணுமுணுப்பு, அலர் வெளிப்பட்ட பேச்சு என உரையாசிரியர்கள் பிரித்துரைப்பர். களவு வெளிப்பட்டு வரைவை நோக்கி நகர இவை உதவுகின்றன. எனவே, பயனின்மை சொல்லில் மட்டும் இல்லை, சூழலையும் பொறுத்தது.

மாற்றத்தின் திசைகள்

தொல்காப்பிய உரியியல் ‘வம்பு’ என்பதற்கு நிலையின்மை எனப் பொருள் கூறும். குறுந்தொகை 66இல் வரும் ‘வம்ப மாரி’ பருவமல்லாத மழையாகும். இச்சொல் பின்னர்ப் பழிப்பேச்சையும் சண்டையையும் குறித்தது இழிபொருட்பேறு. அரட்டையின் போக்கு இதற்கு எதிரானது. சன் தொலைக்காட்சியில் விசு நடத்திய ‘அரட்டை அரங்கம்’ குடும்பச் சிக்கல்களையும் சமூகச் சிக்கல்களையும் பொதுமக்கள் மேடையில் பேச இடமளித்து, அச்சொல்லுக்கு மதிப்புக் கூட்டியது. செயலியின் பெயர் அவ்வுயர்பொருட்பேற்றின் அடுத்த படிநிலை.

ஒப்பீடு

ஸ்காட்லாந்து மொழியின் ‘பிளெதர்’ என்னும் சொல்லும் அலப்பலைக் குறிப்பதோடு, நண்பர்களின் இனிய உரையாடலையும் குறிக்கிறது. செய்தியைத் தெரிவிப்பதற்கன்றி உறவைப் பேணுவதற்கே நிகழும் பேச்சை மாலினோவ்ஸ்கி 1923இல் தனிவகையாக விளக்கினார். அரட்டையின் உயர்வுக்கு அவ்விளக்கம் பொருந்துகிறது.

முடிவுரை

இச்சொற்கள் அனைத்திற்கும் ‘வீண்பேச்சு’ என்று மட்டும் அகராதிகள் பொருள் எழுதின், தமிழர் பேச்சை மதிப்பிட்ட நுண்ணிய அளவுகோல்கள் மறையும். பேசுவோர், கேட்போர், பேசப்படுவோர் ஆகிய மூவர்க்கும் விளையும் பயனைக் கொண்டே இவை வரையறுக்கப்பட வேண்டும்.