உன் சென்டரை ரிங்கடியிலிருந்து வெளியே விடு

அன்புள்ள தம்பிக்கு,

உன் சென்டர் பையனின் பயிற்சிக் குறிப்பேட்டை நேற்று இரவு படித்து முடித்தேன். 18 வயதில் டிராஃப்டில் வந்தது முதல் இரண்டு சீசன், ஒரு வாரம் விடாமல் எழுதியிருக்கிறாய். பஸ்ஸர்பீட்டர் என்ற ஆன்லைன் கூடைப்பந்து மேனேஜர் விளையாட்டில் யாரை எடுப்பது, எந்த டிரெய்னரை வைத்துக்கொள்வது என்பதெல்லாம் உனக்கே தெரியும். அதற்குள் போகவில்லை. நேராக என் கோபத்துக்கு வருகிறேன்.

இன்சைட் ஷாட், இன்சைட் டிஃபென்ஸ், ரீபவுண்டு, மறுபடி இன்சைட் ஷாட். இரண்டு சீசனும் இதே சுற்றுதான். பாஸிங், வந்த நாளில் கிடந்த அடிமட்டத்திலேயே கிடக்கிறது. ஹேண்ட்லிங்கும் அப்படித்தான். "உயரமானவனுக்கு இவை மெதுவாகத்தான் ஏறும், வாரங்கள் வீணாகும்" என்று காரணம் எழுதியிருக்கிறாய். மெதுவாக ஏறும் என்பது உண்மைதான். அதனால்தான் 18 வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்கிறேன். வயது கூடக் கூட எல்லாப் பயிற்சியும் மந்தமாகும். ரிங்கடித் திறன்கள் ஏழடிக்காரனுக்கு 22 வயதிலும் ஓரளவு வேகமாகவே ஏறும். பாஸிங் அப்போது நகர மறுக்கும். எளிதானதை முதலில் முடித்துவிட்டுக் கடினமானதைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறாய். வரிசை தலைகீழ்.

சம்பளத்தையும் பார். சீசன் மாறும்போது புதுக் கணக்குப் போடுகிறார்கள். சென்டரின் சம்பளத்தை எகிறவைப்பது நீ ஏற்றிய அந்த ரிங்கடித் திறன்கள்தான். பாஸிங்கும் அவுட்சைட் டிஃபென்ஸும் அந்தக் கணக்கை அவ்வளவாகத் தொடுவதில்லை, ஆனால் ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் உதவுகின்றன. இப்போதைய போக்கில் 23 வயதில் அவன் உன்னால் வைத்துக்கொள்ள முடியாத விலைக்குப் போவான். வாங்குகிறவனும் யோசிப்பான்.

என்னோடு பள்ளியில் படித்த நெட்டைப் பையன் ஒருவன் ஞாபகத்துக்கு வருகிறான். ஒன்பதாம் வகுப்பிலேயே ஆறடியைத் தாண்டியவன். எங்கள் பி.டி. மாஸ்டர் அவனை ரிங்குக்குக் கீழேயே நிறுத்தி வைத்திருந்தார். டிரிபிள் செய்தால் விசில் ஊதி நிறுத்துவார். ஒரு மாவட்டப் போட்டியில் எதிரணி பிரஸ் போட்டது. நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பந்து இவன் கைக்கு வந்தது. இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். திட்டு வாங்கியவன் அவன்தான், மாஸ்டர் அல்ல. பள்ளியை விட்ட பிறகு அவன் பந்தைத் தொடவே இல்லை. அந்த அநியாயம் இன்றும் எனக்கு ஆறவில்லை. உன் குறிப்பேட்டில் அதே வேலையை நீ செய்துகொண்டிருக்கிறாய்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2016-இன் தொடக்கத்தில் மில்வாக்கி பக்ஸ் கோச் ஜேசன் கிட், யானிஸ் ஆன்டெடோகும்போவின் கையில் பந்தைக் கொடுத்து பாயிண்ட் கார்டாக ஆடச் சொன்னார். கிட்டத்தட்ட ஏழடி உயரம், 21 வயது. அந்த சீசனில் அணி 33 ஆட்டம் வென்று 49 தோற்றது, பிளே-ஆஃபுக்கே போகவில்லை. நான் வேலைக்குக் கிளம்பும் முன் காலையில் அந்த ஆட்டங்களைப் பார்ப்பேன். பந்தை விடுவான், கடத்துவான், மறுபடி விடுவான். 2019-இலும் 2020-இலும் எம்விபி. 2021 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்துக் கோப்பையை வாங்கித் தந்தான். அந்தத் தோல்விகளைக் கிட் பொறுத்துக்கொண்டார். நீ பொறுக்கவில்லை.

தோற்கப் பயந்துதான் பையனை பாயிண்ட் கார்டு இடத்தில் நீ இறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பாஸிங் வேகமாக ஏற வேண்டுமென்றால் அவன் அந்த இடத்தில்தான் ஆட வேண்டும், லீக் ஆட்டத்தில் அப்படிச் செய்தால் அடி விழும். சரி, வாரத்தின் நடுவில் வரும் நட்பு ஆட்டம் எதற்கு இருக்கிறது? அதில் அவனையே ஸ்டார்ட்டராகவும் பேக்கப்பாகவும் போடு. 48 நிமிடமும் அங்கேயே கிடைக்கும். ஃபவுலில் வெளியேறினால் குறையும்.

நிமிடம் என்றதும் இரண்டாவது எரிச்சல். 41, 39, 44 என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். 48-க்குக் குறைந்தால் பயிற்சியும் குறைகிறது. 19 வயதில் இழந்த ஏழு நிமிடத்தை எந்த டிரெய்னராலும் திருப்பித் தர முடியாது.

ஆனால் தம்பி, கடைசி நான்கு பக்கம்! உன் அணியின் ஆறடி மூன்றங்குல கார்டை வாரக்கணக்கில் சென்டர் இடத்தில் இறக்கி இன்சைட் ஷாட் கற்றுக்கொடுத்திருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு எழுந்து நடந்தேன். குள்ளமானவனுக்கு அது எவ்வளவு மெதுவாக ஏறும் என்று தெரிந்தும், முப்பது புள்ளியில் தோற்றும் நீ மாற்றவில்லை. இவ்வளவு பொறுமையாக ஒரு கார்டை வளர்த்தவரை நான் கண்டதில்லை. என் காலத்து மேனேஜர்கள் ஒருவருக்கும் இந்தத் துணிச்சல் வந்ததில்லை, மனதார எழுதுகிறேன். கார்டுக்குக் காட்டிய அந்த நெஞ்சுரத்தை சென்டருக்கும் காட்டு.

அவனுக்கு இப்போது 20 வயது. இன்னும் தாமதமாகிவிடவில்லை. வெள்ளிக்கிழமை பயிற்சிக் கணக்கு வருவதற்குள் இந்த வார நட்பு ஆட்டத்தில் அவனை பாயிண்ட் கார்டாக இறக்கு. பாஸிங்கை ஒரே இடத்துக்கான பயிற்சியாக வை. இந்த சீசன் முடியும் வரை மாற்றாதே. முடிந்ததும் அந்தக் குறிப்பேட்டை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்