பூஞ்சேரியில் ஒரு பெருந்தச்சன்

அன்புள்ள வாசகருக்கு,

பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு ‘பெருமை’ என்று தலைப்புக் கொடுத்தீர்கள். பிள்ளைகள் எல்லாரும் அரசர்களையும் தலைவர்களையும் பற்றியே பேசினார்கள். அந்தச் சொல் வேறு யாருக்கும் பொருந்தாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பொருந்தும். அதற்குச் சான்று உங்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இருக்கிறது.

மாமல்லபுரம் பெயர் பெற்றது பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனால். வாதாபியை வென்ற அந்த அரசன் மற்போரில் வல்லவன் என்பதால் மாமல்லன். பல்லவர்களுக்குப் பட்டப்பெயர்மேல் தீராத ஆசை. செங்கல்பட்டை ஒட்டிய வல்லம் குடைவரையில், கோயிலைச் செய்வித்த கந்தசேனன் தன் பெயரைச் சொல்லுமுன் பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்று தன் அரசன் மகேந்திரவர்மனின் பட்டங்களை அடுக்குகிறான். மாமல்லபுரத்தின் தருமராச ரதத்திலும் சிற்பங்களை ஒட்டிப் பட்டங்களாகவே வெட்டியிருக்கிறார்கள்.

பூஞ்சேரிக்கு வாருங்கள். திருக்கழுக்குன்றம் சாலையில், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அங்கே ஒரு பாறையில் சில பெயர்கள்: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன், இன்னும் சிலர். போரும் இல்லை, கொடையும் இல்லை, பெயர் மட்டுந்தான். கல்வேலை செய்தவர்களின் பெயர்கள் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். மாமல்லனின் ‘மா’வும் பெருந்தச்சனின் ‘பெரு’வும் சொல்வது ஒன்றையே. கேவாதனை அப்படி முதலில் அழைத்தவர்கள் கூட உளி பிடித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் நம்பிக்கை.

அவர்கள் பட்ட பாடு தெரிய வேண்டுமானால் முடியாமல் நிற்கும் குடைவரைகளைப் பார்க்க வேண்டும். பாறை முகத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, கோடுகளை ஆழமாக வெட்டி, இடையில் புடைத்து நிற்பதைத் தட்டி எடுத்திருக்கிறார்கள். ரதங்களையோ உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினார்கள். தருமராச ரதத்தின் மேல்தளங்கள் முழுமையாக இருக்க, அடித்தளம் அரைகுறையாக நிற்பது அதனால்தான். முழுவதும் ஒரே பாறை. ஒரு மூக்கு தவறிப் பெயர்ந்தால் ஒட்டவைக்க வழியே கிடையாது. செயற்கரியதைச் செய்து முடிப்பவரையே வள்ளுவரும் ‘பெருமை’ அதிகாரத்தில் பெருமை உடையவர் என்கிறார்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலும் குஞ்சரமல்லன் என்ற இராசராசப் பெருந்தச்சன் வருகிறார். மன்னனின் பெயரே தச்சனுக்குப் பட்டமாகியிருக்கிறது! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

அடுத்த முறை பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போகும்போது பூஞ்சேரியில் முதலில் இறங்குங்கள். பல்லவர் காலத்து எழுத்து என்பதால் அவர்களால் படிக்க முடியாது. பெயர்களைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். எழுத்து எடுப்பாகத் தெரியட்டும் என்று யாரும் சாக்பீஸைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஐந்து ரதங்களுக்குப் போங்கள். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் அனுமதி வாங்க முடிந்தால், உளி பிடிக்கும் மாணவர்களோடும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசட்டும். அதன்பின் அதே தலைப்பில் இன்னொரு போட்டி வையுங்கள். என்ன பேசினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்