பரணிலிருந்து இறங்கிய மடிக்கணினிகள்

ஆவடிக்கு அப்பால் காக்களூரில், 2011 செப்டம்பர் 15 அன்று, அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பயனாக, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளுக்கு முதன்முதலாக ஒரு கணினி வந்து சேர்ந்தது. பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு கல்லூரிப் படிப்பை முடித்து, உத்தியோகத்துக்கும் பிறகு கலியாணம் செய்துகொண்டு வேறு ஊருக்கும் போய்விட்ட பின்னர், கொலுப் பெட்டிக்கும் பழைய வெண்கலப் பாத்திரங்களுக்கும் நடுவே பரணில் அடைக்கலம் புகுந்த யந்திரங்கள் அவற்றில் அநேகம். தொழிற்பேட்டையில் மின்பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற ஒரே காரணத்தால், அவற்றையெல்லாம் இறக்கித் துடைத்து என்னிடம் கொண்டுவந்து, “இது இனிமே எதுக்காவது உதவுமா, சார்?” என்று கேட்கும் வழக்கம் எங்கள் தெருவில் ஏற்பட்டுவிட்டது.

உதவும் என்பதே பெரும்பாலும் என் பதில். கணினி மெதுவாகிவிட்டது என்று சொல்பவர்கள் அதன் மூளையாகிய பிராசஸரைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் நான் திறந்து பார்த்தவற்றில் குற்றவாளி பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். அந்த நாளைய மடிக்கணினிகளில் இருந்த 320 ஜிபி டிஸ்க், உள்ளே தட்டுச் சுழன்று ஊசி நகர்ந்து எழுத்தைத் தேடும் வகையைச் சேர்ந்தது. அதைக் கழற்றிவிட்டு, ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும் எஸ்எஸ்டி ஒன்றை அதே இடத்தில் பொருத்தினால், காபி ஆற்றிக் குடிக்கும் வரை காத்திருக்க வைத்த யந்திரம், உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொள்வதற்குள் தயாராகிவிடுகிறது. அடுத்தது ரேம். இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். முதற்கட்டக் கணினிகளில் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்ற பதிப்பு 2 ஜிபிக்கு மேற்பட்ட ரேமைப் பயன்படுத்தவே அனுமதிக்காது. ஆகையால் அதை அப்படியே வைத்துக்கொண்டு ரேமுக்குச் செலவழிப்பது பணத்துக்கு நஷ்டம். முதலில் மென்பொருளைத் தீர்மானித்துவிட்டு, அப்புறம் உறுப்பு வாங்க வேண்டும்.

மென்பொருளோ நம் விருப்பத்தை மட்டும் பொறுத்த விஷயமல்ல. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 உடன் நின்றன; குரோம் உலாவி 2023இல் அதைக் கைவிட்டது; விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று பொது ஆதரவு முடிந்தது; விண்டோஸ் 11 என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறைப் பிராசஸரும் வேண்டும் என்கிறது. இத்தகைய நிலைமையில், வங்கிக் கணக்கைத் திறக்கவும் மின்கட்டணம் செலுத்தவும் ஒரு பழைய யந்திரத்தை நம்பிக்கையோடு உபயோகிக்க விரும்புகிறவர்களுக்கு, லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையே நான் சிபாரிசு செய்கிறேன். கடிதம் எழுத லிப்ரே ஆபீஸ், இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ், தமிழ்த் தட்டச்சுக்கு தமிழ்99: ஒரு குடும்பத்துக்கு இவை தாராளம். அரசாங்கக் கணினிகளில் சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஆரம்பத்திலேயே விண்டோஸுடன் சேர்ந்து இருந்தது என்பதும், அதைத் திறந்து பார்த்தவர்கள் சொற்பம் என்பதும் எனக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது.

எனினும் எல்லோருக்கும் இதே மருந்து என்று நான் சொல்லமாட்டேன். லேத் பட்டறை வைத்திருப்பவர் டாலியில் கணக்கு எழுதுகிறார். ஜிஎஸ்டிக்காக டிஜிட்டல் கையொப்பச் சாதனத்தைச் செருகுகிறார். அவரை லினக்ஸுக்கு இழுப்பது உபகாரமாகாது. மற்றவர்களும், நிறுவுவதற்கு முன்னால் பென்டிரைவிலிருந்தே அதை ஓட்டிப் பார்த்து, வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் இணங்குகின்றனவா என்று பரீட்சித்துக்கொள்வது உத்தமம். பிரிண்டர்தான் இவற்றுள் மகா பிடிவாதக்காரர்.

பழைய மென்பொருளையே தொடாமல் விடவேண்டிய இடமும் உண்டு. பூந்தமல்லியில் கலியாணப் பத்திரிகை அச்சடிக்கும் நண்பர் ஒருவர், விண்டோஸ் எக்ஸ்பியில் பேஜ்மேக்கரை வைத்து இன்றும் தொழில் நடத்துகிறார். அவருடைய மகனுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே வெட்கம்; புதியது வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஆனால் யூனிகோடுக்கு முற்பட்ட எழுத்துருக்களில், பேஜ்மேக்கரில், அவர் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கும் மாதிரிகள் வேறு கணினியில் திறந்தால் பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலாகவே தோன்றும். “அப்பா, இதெல்லாம் இனிமே யாருக்கு வேணும்?” என்று அவன் கேட்டதற்கு, “முகூர்த்த மாசத்துல வந்து கடையில உக்காந்து பாரு, தெரியும்” என்றார் அவர். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டபடியால், நான் சொன்ன யோசனை இதுதான்: அந்தக் கணினியின் இணையக் கம்பியை நிரந்தரமாகப் பிடுங்கிவிடுங்கள், வேலையை பிடிஎஃப் ஆக்கி, அதற்கென்றே ஒதுக்கிய பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள், டிஸ்க்கின் முழுப் பிரதி ஒன்றை வேறிடத்தில் வையுங்கள். இதனோடு, வெறும் வாசகமாக உள்ள பழைய கோப்புகளை என்எச்எம் கன்வர்ட்டர் கொண்டு ஓய்ந்த நேரத்தில் யூனிகோடுக்கு மாற்றத் தொடங்கினோம். தமிழக அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும், நம் வீடுகளில் குலதெய்வக் கோயில் வரலாறும் பாட்டனார் கணக்கும் பழைய எழுத்துருவில் கிடந்து வாசிப்பாரின்றிப் போவது, யந்திரம் கெடுவதைக் காட்டிலும் பெரிய நஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

தூசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; தொழிற்பேட்டைக் காற்றில் வாழ்பவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது உள்ளிருக்கும் விசிறியைச் சுத்தம் செய்தாக வேண்டும். வெள்ளத்தைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும், இப்பக்கத்துத் தாழ்வான தெருக்களில் முதலில் நனைந்தவற்றுள் மேஜைக்கு அடியிலிருந்த சிபியூவும் ஒன்று. ஆகவே பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். பத்திரம், பட்டா, புகைப்படம் ஆகியவற்றின் ஒரு பிரதி மாடியிலும், மற்றொன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடமும் இருக்கட்டும்.

கடைசியில், எதற்கும் இசையாத யந்திரத்தைப் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன், டிஸ்க்கை எப்படியும் கழற்றிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் ஆதார் நகலும் இருக்கும், பாஸ்வேர்டும் இருக்கும். உப்பிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் எறியாமல், ஆணியால் குத்திப் பார்க்காமல், மின்கழிவு பெற்றுக்கொள்ள அங்கீகாரம் உள்ளவரிடமே கொடுங்கள். ரேமும் சார்ஜரும் நல்ல நிலையில் இருந்தால் அவற்றை என்னிடம் தரலாம். அடுத்த தெருவில் இன்னொரு பரண் இருக்கிறது.